பதிவேட்டில் வளர்ந்த அக்கா

இந்தக் குறிப்பில் யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அடக்கம் அதற்குக் காரணம் அல்ல. என் பெயர் என்று எதை எழுதினாலும் பாதி பொய்யாகிவிடும். என் கனேடியக் கடவுச்சீட்டிலும் சுகாதார அட்டையிலும் ரொறொன்ரோவின் மோர்னிங்சைட்டில் நாங்கள் இருக்கும் வீட்டின் உறுதிப் பத்திரத்திலும் இருப்பது என் அக்காவின் பெயர். அக்கா மூன்று வயதில் யாழ்ப்பாணத்தில் நெருப்புக்காய்ச்சல் வந்து இறந்துபோனாள். அப்போது எனக்கு ஒரு வயது. அவளைப் பற்றி எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாக அவளுடைய கையெழுத்தை நான்தான் போட்டு வருகிறேன்.

அப்பா இளமையில் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். கட்சி எடுத்துக் கொடுத்த புலமைப்பரிசிலில் பல்கேரியாவின் தலைநகர் சோபியாவுக்குப் பொறியியல் படிக்கப் போனார். அங்கே கூடப் படித்த பல்கேரியப் பெண்ணைக் கலியாணம் கட்டினார். அவள்தான் என் அம்மா. அக்கா சோபியாவில் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது நிரம்பும் முன்பே மூன்று பேரும் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டார்கள். நான் அங்கேதான் பிறந்தேன். ஊருக்குள் அம்மாவை வெள்ளைக்காரி என்றார்கள். அம்மா இரண்டு வருடத்தில் அவர்களுடைய தமிழிலேயே அவர்களைத் திட்டப் பழகிக்கொண்டாள்.

எனக்கு ஏழு வயதானபோது நாட்டை விட்டு ஓட வேண்டி வந்தது. என் பிறப்புப் பதிவு இருந்த கந்தோர் எரிந்துபோயிருந்தது. பிரதி எடுக்க வழியில்லை. அம்மாவின் சூட்கேசுக்குள் அக்காவின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் பத்திரமாக இருந்தது. தடித்த தாள், ஊதா நிறத்தில் வட்ட முத்திரை, பின்னால் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைத்திருந்தது. இதைவிட நல்ல பத்திரத்தைத் தான் கண்டதில்லை என்று எங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்ற் சொன்னாராம். எங்களுடைய சனம் அந்த நாட்களில் தம்பியின் பத்திரத்தில் அண்ணனையும், பெறாமகளைச் சொந்த மகளென்றும் கொண்டுவந்த சனம். ஆள் தப்ப வேண்டும், பத்திரம் அதற்கு ஒரு வாகனம், அவ்வளவுதான். அப்பாவும் அப்படித்தான் யோசித்தார். கொழும்பு விமான நிலையத்தில் என் தலைமயிரை ஒதுக்கிவிட்டு, "இண்டையில இருந்து உனக்கு ஒன்பது வயசு, பிள்ளை" என்றார். பிறகு புதுப்பெயரை மூன்று தரம் சொல்ல வைத்தார். அம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றாள்.

ரொறொன்ரோவில் ஒன்பது வயதுக்காரியாக என்னை இரண்டு வகுப்பு மேலே போட்டார்கள். பெயர் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று ஆசிரியை எழுதி அனுப்பினார். ஒரு சின்ன அறையில் காதில் ஹெட்போன் மாட்டி இருத்தினார்கள். சத்தம் கேட்டால் கையை உயர்த்த வேண்டும். எல்லாச் சத்தத்துக்கும் ஒழுங்காகக் கை உயர்த்தினேன். காதில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நானே என்னைப் பழக்கிக்கொண்டேன். யாரையோ கூப்பிடுகிறார்கள், அவள் வரவில்லை, ஆகவே நான் எழும்ப வேண்டும். இன்றைக்கும் வைத்தியரின் அலுவலகத்தில் பெயர் கூப்பிட்டால் ஒரு கணம் சுற்றிப் பார்ப்பேன், வேறு யாராவது எழும்புகிறார்களா என்று. ஐம்பது வயதானவர்களுக்குத் தபாலில் வரும் மலப் பரிசோதனைப் பொதிகூட எனக்கு இரண்டு வருடம் முந்தியே வந்தது. அக்காவுக்கு வந்ததை நான் செய்து அனுப்பினேன்.

அம்மா ஒரு நாளும் என்னைப் பத்திரப் பெயரால் கூப்பிட்டதில்லை. நான் பிறந்தபோது வைத்த பெயரைத்தான் கூப்பிடுவாள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் கூப்பிடவே மாட்டாள். என்னோடு பேசியது முழுக்கத் தமிழ். தன்னுடைய மொழியில் ஒரு சொல்லும் சொல்லித் தரவில்லை. அதற்காக அவள் அதைப் பேசாமல் விடவில்லை. நாங்கள் முதலில் இருந்த அப்பார்ட்மென்ரில், சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் குசினி வாசலைப் பார்த்து மெல்லிய குரலில், "எலா, எலா துக்கா" என்பாள். தினமும் அதே சொற்கள், அதே குரல். தன் கடவுளைக் கும்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேன். எங்கள் சாப்பாட்டு மேசைக்கு நான்கு கதிரைகள். நாங்கள் மூன்று பேர். கதிரைகள் நான்காகத்தான் விற்பார்கள் என்று அதையும் நான் யோசிக்கவில்லை.

மார்ச் முதலாம் திகதி பல்கேரியர்கள் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை மணிக்கட்டில் கட்டுவார்கள். எங்காவது ஒரு மரம் பூத்திருப்பதைக் கண்டதும் கழற்றி அதன் கிளையில் கட்டிவிட வேண்டும். கோயில் நூலை இங்கேயும் விடமாட்டியா என்று அப்பா பகிடி பண்ணுவார். அம்மா எனக்கு இரண்டு நூல் கட்டுவாள். "இடது கை உனக்கு" என்பாள். வலது கை யாருக்கு என்று நான் கேட்டதில்லை. அம்மா போய் ஆறு வருடமாகிறது. கேட்டிருக்கலாம்.

இவ்வளவையும் கிளறிவிட்டது என் மகளுக்குக் கிடைத்த வேலை. அவள் வெள்ளத் தடுப்பு அணைகளைப் பற்றிப் படித்தவள். நெதர்லாந்தில் ஒரு நிறுவனம் அவளை எடுக்கத் தயாராக இருந்தது. ஐரோப்பியக் குடியுரிமை இருந்தால் செப்டம்பரில் சேரலாம், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்டது அந்த வேலையைத்தான். கொம்பியூற்றரைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். "அம்மம்மா பல்கேரியன் எண்டா நீங்களும் பல்கேரியன். நீங்கள் எண்டா நானும். ரத்தத்திலயே இருக்கு அம்மா, பேப்பர் மட்டும்தான் எடுக்கவேணும்" என்றாள்.

அந்தப் பேப்பரில்தான் சிக்கலே இருந்தது. மகளுக்கு ஒன்றும் தெரியாது. என் கணவருக்குத் தெரியும். அவரும் தன் தம்பியின் பத்திரத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர், ஆகையால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூரப் பயண லொறி ஓட்டுகிறவர், அந்த மாதங்களில் அநேகமாக ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில் இருந்தார். நான் மகளிடம் செய் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இது சரிவராது, ஏதாவது ஒரு முத்திரையில் தடுக்கி நின்றுவிடும் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன்.

தடுக்கத்தான் செய்தது. அம்மாவின் கலியாணப் பதிவு, அவளுடைய மரணச் சான்றிதழ், என்னுடைய கலியாணப் பதிவு, மகளின் பிறப்புப் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு முத்திரை, பிறகு பல்கேரிய மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்பு சரி என்பதற்கு இன்னொரு முத்திரை. ஒரு முத்திரை வந்து சேரும்போது முந்தியது காலாவதியாகிவிடும். மகள் சோபியாவில் இந்த அலுவல்களைச் செய்து கொடுக்கும் ஒரு பெண்ணைப் பிடித்தாள். அந்தப் பெண் கெட்டிக்காரி. இரண்டு மாதம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் எழுதினாள்.

நல்ல செய்தி, உங்கள் அம்மா புதிதாக எதையும் நிரூபிக்கத் தேவையில்லை என்று எழுதியிருந்தாள். அவர் பிறந்த நாளிலிருந்து எங்கள் பதிவேட்டில் இருக்கிறார், இன்னும் இருக்கிறார். கீழே விபரங்கள். ஆள் இலக்கம். நிரந்தர முகவரி, டனூப் ஆற்றோரச் சிறு நகரமொன்றில் தாயின் பெற்றோருடைய வீடு. மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை. வாக்களிக்கும் இடம், அந்த நகரத்துப் பள்ளிக்கூடம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவருடைய பெயர் அங்கே சுவரில் ஒட்டப்படுகிறது.

மகள் துள்ளிக் குதித்தாள். அக்கா செத்ததை யாரும் சோபியாவுக்கு அறிவிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. நாங்கள் யாழ்ப்பாணத்தில் அவளை மண்ணுக்குள் தாட்டுவிட்டு வந்தோம். அந்தப் பதிவேட்டில் அவள் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறாள். பள்ளிக்கூட வயது வந்திருக்கிறது, வாக்களிக்கும் வயது வந்திருக்கிறது, கலியாண வயது வந்து போயிருக்கிறது. ஐம்பதும் தாண்டிவிட்டாள். அந்த வீட்டில், தனியாக. நான் இங்கே அவளாக இருந்த காலமெல்லாம் அவள் அங்கேயும் இருந்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருந்தது. பட்டப்பகலில், வெளிச்சம் நிறைந்த என் சொந்தக் குசினியில் நின்றுகொண்டு பயந்தேன்.

தூதரக அலுவலகத்தில் இரண்டு வார்த்தை பேசத் தெரிந்தால் நல்லது என்று மகள் என் போனில் மொழி படிக்கும் செயலியொன்றைப் போட்டுத் தந்தாள். பேருந்தில் வேலைக்குப் போய் வரும்போது கேட்பேன். மூன்றாம் பாடத்தில் ஒரு பெண் குரல், "எலா துக்கா" என்றது. கீழே அர்த்தம் வந்தது: இங்கே வா. நான் மோர்னிங்சைட் அவெனியூவில் இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். அம்மா கும்பிட்டதில்லை. ஒவ்வொரு நாளும் சோற்றைப் போட்டு வைத்து அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். நான் பக்கத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். மகள் போனைப் பிடித்தபடி படியிறங்கி வந்தாள். சோபியாப் பெண் பிரதியொன்றை எடுக்க அந்தச் சிறு நகரத்துக்குப் போயிருக்கிறாள். நல்ல மனுஷி, போன கையோடு எங்களுக்காக அம்மாவின் பெற்றோருடைய கல்லறைக்கும் போய்ப் பூ வைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

"அம்மா, உங்கட ஃபோட்டோ ஏன் கல்லறையில இருக்கு?" என்று மகள் கேட்டாள்.

கல்லில் மூன்று பெயர்கள். மூன்றாவது பெயர் என் கடவுச்சீட்டில் இருக்கும் பெயர், என் கடவுச்சீட்டில் இருக்கும் பிறந்த திகதி. அதற்குப் பக்கத்தில் இறந்த திகதி. அதற்குமேல், அந்த ஊர் வழக்கப்படி, பீங்கான் வில்லையில் பதித்த ஒரு படம். மூன்று வயதுப் பிள்ளை, கை வைத்த சட்டை, இடது கன்னத்தில் நாவூறு படாமலிருக்க வைத்த பெரிய கறுத்த பொட்டு. அந்தப் படம் எங்கள் வீட்டு அல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவில் எடுத்தது. ஒரு சப்பாத்தின் வார் அவிழ்ந்து கிடப்பது வரை எனக்குத் தெரியும். அது நான்.

புட்டுப் பானை ஆவி கக்கிக்கொண்டிருந்தது. அடுப்பை நிறுத்திவிட்டு மகளை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கந்தோர் எரிந்தது, சூட்கேஸ், விமான நிலையம், காதுப் பரிசோதனை. முடிந்ததும், "அப்ப உங்கட ரியல் நேம் என்ன?" என்றாள். சொன்னேன். அவள் அதைத் திருப்பிச் சொன்னாள், பிறகு இன்னொரு தரம் சொன்னாள். அம்மா போன பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சோபியாப் பெண்ணுக்கு அந்தக் கல் ஒரு பிரச்சினையாகவே படவில்லை. குடும்பத்தில் ஒரே பெயரில் இன்னொரு பிள்ளை இருந்திருக்கும், எங்கள் ஆட்கள் அப்படி வைப்பதுண்டு, கல்லறை எங்களுக்கு ஆவணமல்ல என்று எழுதினாள். பதிவேட்டில் இருப்பவரும் கனேடியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரும் ஒரே ஆள் என்று உங்கள் அம்மா தூதரக அலுவலகத்தில் சத்தியம் செய்து ஒப்பமிட்டால் போதும்.

ஒரே ஆள். அதைத்தான் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்றால் மகளின் வேலை போய்விடும். உண்மையைச் சொல்வதென்றால் முதலில் அக்காவின் மரணத்தைப் பதிய வேண்டும், பிறகு நான் பிறந்ததைப் பதிய வேண்டும். அப்போது, இவ்வளவு காலம் இந்த நாட்டில் இருந்த பெண் யார் என்று கனடா கேட்கும். நான் கட்டியதெல்லாம் அந்தப் பெயரில்தான் நிற்கிறது. "நான் போகாட்டி ஓகே அம்மா" என்று மகள் சொன்னாள். அவளுடைய முகத்தில் ஓகே இல்லை. இரண்டு நாள் கழித்து, "அவ செத்திட்டா தானே, அவவுக்கு என்ன?" என்றும் சொன்னாள். நான் கையிலிருந்த கோப்பையைச் சத்தமாக வைத்துவிட்டு எழுந்து போனேன். கோபம் அவள்மேல் அல்ல. நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் அப்பாவை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். கட்சிக்காலத்தில் கோயில் வாசலை மிதியாத மனிதர், இப்போது எண்பத்திநான்கு வயதில் வடைக்குத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருவார். கார் நிறுத்துமிடத்தில் வைத்து அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"கொம்மா சொன்னவ, அனுப்பினனான் எண்டு" என்றார்.

"எதை அப்பா?"

"அவள் போன பிறகு கொம்மா ஊருக்குக் கடிதம் போட்டவ. தாய் தேப்பன் தங்கட கல்லில பேரப்பிள்ளையின்ர பேரையும் வெட்டப்போறம், படம் அனுப்பு எண்டு எழுதிச்சினம். அவளின்ர படம் எங்களிட்ட எங்க கிடந்தது? பொறுத்துப் பொறுத்துப் பாத்து, உனக்கு மூண்டு வயசானோடன ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய் எடுத்தவ."

"அப்ப அந்தப் படம் எனக்காக எடுத்ததில்லையா?"

அப்பா கண்ணாடியை இறக்கினார். "ரெண்டும் ஒரே முகம் எண்டவ. நான் அவளின்ர பத்திரத்தை உனக்குத் தந்தன். கொம்மா உன்ர முகத்தை அவளுக்குக் குடுத்தா. நீ சைன் வை பிள்ளை. இவ்வளவு காலமும் வைச்சனிதானே."

பிறகு கதவைத் திறந்துகொண்டு வடைக்குப் போனார். நான் காருக்குள்ளேயே இருந்தேன். முகக் கண்ணாடியைக் கீழே இழுத்து என் முகத்தைப் பார்த்தேன். அதில் எது என்னுடையது என்று தேடினேன் என்று எழுதினால் நாடகமாக இருக்கும். ஆனால் தேடினேன்.

தூதரக அலுவலகத்தில் மார்ச் முதலாம் திகதிதான் இடம் கிடைத்தது. வேறு நாள் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. மகளும் வந்தாள். கருமபீடத்துக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு என் வயதிருக்கும். இரண்டில் எந்த வயதோ. சட்டையில் சிவப்பு வெள்ளை நூல் குத்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய அதே நூல்கள். என்னைக் கமராவுக்கு முன்னால் இருத்திப் படம் எடுத்தாள். திரையில் அக்காவின் இலக்கத்துக்குக் கீழே இவ்வளவு காலமும் வெறுமையாக இருந்த சதுரத்தில் என் முகம் வந்து உட்கார்ந்தது. கல்லில் இறந்தவளுக்கு இருப்பதும் அதே முகம்தான்.

சத்தியக் கடதாசியை இரண்டு தரம் வாசித்தேன். கீழ்க்கண்ட இருவரும் ஒரே ஆள். மகள் என்னைப் பார்க்காமல் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேண்டாமென்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எழும்பி வந்திருப்பேன், வேண்டுமென்று சொல்லியிருந்தாலும் எழும்பி வந்திருப்பேன். ஒன்றும் சொல்லாமல் இருந்த அந்தப் பிள்ளைக்காக ஒப்பமிட்டேன்.

இன்னொரு தாள் மிச்சமிருந்தது. குடும்ப விபரம். தாய், தகப்பன், கணவர், பிள்ளை. கடைசியில் சகோதரங்கள் என்று ஒரு வரி. அதை வெறுமையாக விடுவது என்றுதான் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தேன். கை கேட்கவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்ட பெயரை எழுதினேன். நான் பிறந்த வருடத்தை எழுதினேன். என் பெயரை ஒரு அரசாங்கக் கடதாசியில் எழுதுவது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் தாளைத் திருப்பி வாசித்தாள். "தங்கையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

தலையாட்டினேன்.

"உயிரோடு இருக்கிறாரா?"

மகள் நாட்காட்டியை விட்டு என் பக்கம் திரும்பினாள். "ஓம்" என்று தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில், "இருக்கிறாள். ஆனால் அவளிடம் ஒரு பத்திரமும் இல்லை" என்றேன்.

"அதனாலென்ன, ஒரே தாய்தானே. அவருக்கும் உரிமை இருக்கிறது. ஒரு நாள் வரச் சொல்லுங்கள்" என்றாள் அவள், அன்பாகத்தான். கிண்ணத்துக்குள் கையை விட்டு இரண்டு நூலை எடுத்துத் தந்தாள். ஒன்று எனக்கு, ஒன்று தங்கைக்கு.

காருக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மகள் என் மடியிலிருந்த நூல்களை எடுத்தாள். அம்மா கட்டிய கதையை அவளுக்குச் சொல்லியிருந்தேன், எந்தக் கை என்று மட்டும் சொல்லவில்லை.

"உங்கட கை எது அம்மா?" என்று கேட்டாள்.

இடது கையை நீட்டினேன். பிறகு அதை இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினேன்.